"வர முடியாது" என்று சொல்லக் கற்றுத்தந்த நொரீன் கில்பாய்ல் அவர்களுக்கு

கொரபீன் நகரின் குளிர்காலக் காலைகளில் எல்லோருக்கும் முன்பாக வந்து, வகுப்பறையின் ஹீட்டரை முடுக்கிவிட்டு, கதவையும் மனத்தையும் ஒருசேரத் திறந்து வைத்த கனிவே! கடல் கடந்து, காடு கடந்து, முகாம்களின் முள்வேலி கடந்து வந்து, வாய் திறக்க வழியின்றி நின்றவர்களுக்கு முதற்சொல்லை முகம் கோணாமல் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொடுத்த பொறுமையின் பேருருவே! பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தபால் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் கால்நடைச் சந்தைக்கும் எங்களைக் கூட்டிச்சென்று, ஊர் முழுவதையும் ஒரே வகுப்பறையாக்கிக் காட்டிய உயர்வே! எங்கள் நொரீன் கில்பாய்ல் அவர்களே!

இருபத்தேழு ஆண்டுகள் புதியவர்களுக்கான ஆங்கில வகுப்பை நடத்தி இன்று பணி நிறைவு பெறும் உங்களை, உடன் பணியாற்றிய நாங்கள் வணங்கி வாழ்த்துகிறோம்.

எல்லோர் சார்பிலும் இதை எழுதும் பொறுப்பு மேனுகா ரிஜால் என்கிற என்மேல் விழுந்தது. நேபாளத்து முகாமிலிருந்து வந்து முதலில் உங்கள் மாணவியாக இருந்தேன். பிறகு வகுப்பு உதவியாளரானேன். சுற்றுலா நாட்களில் மினி பஸ்ஸும் ஓட்டுகிறேன். மடலில் என்ன எழுதலாம் என்று உங்களையே கேட்டேன். "நேரந்தவறாதவர், கடமை தவறாதவர்னு எழுதி என் மானத்த வாங்காத மேனுகா. எழுதறதா இருந்தா ஏரிக்குப் போன நாள எழுது. நபிண்டுகிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டா" என்றீர்கள். எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நபிண்டு அக்கா, எங்காவது தவறினால் திருத்தட்டும்.

செவிவழிக் கல்வியின் செல்வமே! அது பெரும் வறட்சியின் மூன்றாம் ஆண்டு. ஏரி இறங்கிக்கொண்டே போனது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய கொரபீன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் வேலிக்கம்பங்கள், பிறகு ஒரு புகைபோக்கியின் அடிப்பகுதி, பிறகு கல் பாவிய தெரு. சனிக்கிழமைகளில் ஊரார் குழந்தைகளோடு போய் வேடிக்கை பார்த்தார்கள். இருட்டுவதற்கு முன் எல்லோரும் கரையேறிவிட்டதை யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வகுப்பில் "வழி கேட்டல்" பாடம் நடந்தது. ஒவ்வொருவரும் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய், அறிமுகமில்லாத ஒருவரிடம் ஓர் இடத்துக்கு வழி கேட்டு, அவர் சொன்னதை அப்படியே மனத்தில் வாங்கிவந்து வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். எழுதிக்கொள்ளக் கூடாது. "காதுல வாங்கு, வாயில கொண்டா" என்பதே உங்கள் கட்டளை. கொங்கோவிலிருந்து வந்த பார்த்தலமி மருந்துக்கடைக்கு வழி கேட்டுவந்தார். "பெட்ரோல் பங்க்குக்கு எதிர்ல, பச்சை போர்டு. இது தெரியாதான்னு அந்தாளு சிரிச்சான் டீச்சர்" என்றார். வகுப்பும் சிரித்தது.

நபிண்டு அக்கா வழி கேட்க வேண்டிய இடம் ரொட்டிக்கடை. இவரும் கொங்கோக்காரர்தான், அங்குள்ள கிவு ஏரிக்கரையைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகளோடு உகாண்டா முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். வகுப்புக்கு வந்து பல மாதங்கள் ஆகியும் "ஆமாம்", "நன்றி", "சரி" என்ற மூன்று சொற்களைத் தாண்டி அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அன்று எல்லோரும் திரும்பிய பிறகு கடைசியாக வந்தார். எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஊர் வயதான பெண்களின் இழுவையோடு, மூச்சுவிடாமல் ஒப்பித்தார்:

"நேரா கீழ இறங்கும்மா. கொல்லன் பட்டறையத் தாண்டு. குதிரைத் தண்ணித்தொட்டி வரும், அங்க இடது பக்கம் திரும்பு. சர்ச்சுக்கு அடுத்தாப்ல ரெண்டு படி ஏறினா என் கடைதான். ஹெட்டின்னு கேட்டா யாரும் சொல்வாங்க."

வகுப்பு கைதட்டியது. "எங்கக்கா இருக்கு குதிரைத்தொட்டி? குதிரையே இல்லாத ஊர்ல?" என்று பார்த்தலமி கேலி செய்தார். நீங்கள் மட்டும் கைதட்டவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"யாரு சொன்னா நபிண்டு?"

"கிழவி. கீழே, பெஞ்சு. ஏரி பக்கம்." பிறகு அவர் யோசித்து, தானாகவே ஒன்றைச் சேர்த்தார். "ஷூ ஈரம், டீச்சர். மழை இல்ல. ஷூ ஈரம்."

தேநீர் இடைவேளையில் என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவின் கீழ்முனைக்கு நடந்தீர்கள். பெஞ்சில் யாரும் இல்லை. பெஞ்சுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் இரண்டு பாதத் தடங்கள் ஈரமாக இருந்தன. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

திரும்பும் வழியில்தான் சொன்னீர்கள். ஊரைத் தண்ணீருக்குக் கொடுத்தபோது வீடுகளைப் பெயர்த்து லாரிகளில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரொட்டிக்கடை ஹெட்டி ப்ரூயிட் மட்டும் வர மறுத்தார். கணவர் இழுத்துவந்து மேட்டில் குடிவைத்தார். மதகுகளை மூடிய வாரத்தில் ஹெட்டி எதையோ எடுத்துவருகிறேன் என்று கீழே போனார். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கடையில் சிறு பெண்ணாக மாவு பிசைந்தவர் உங்கள் அம்மா டாட்டி.

உங்கள் அம்மா அந்த ஆண்டு ஈஸ்டரின்போதுதான் காலமானார். இரண்டே நாள் விடுப்பு எடுத்துவிட்டு வகுப்புக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் அழுது யாரும் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில கடைசி வாரம் பூரா ஏப்ரனக் கேட்டுட்டே இருந்தா. 'கடைக்கு நேரமாச்சு, ஹெட்டி திட்டுவா'ன்னு. கேக்கறப்பல்லாம் 'இன்னிக்கு லீவும்மா'ன்னு பொய் சொன்னேன் மேனுகா" என்றீர்கள்.

அதன்பிறகு நபிண்டு அக்காவின் ஆங்கிலம் வளர்ந்த வேகம் எங்களை அச்சுறுத்தியது. அலுவலகத்தில் இருக்கும் டெப் முதலில் மகிழ்ந்தாள்; பிறகு காதைத் தீட்டிக் கேட்டாள். "இந்தம்மா பேசறது என் பெரியத்தை பேசின மாதிரியே இருக்கு. இப்ப யாரு ஷில்லிங்ல விலை சொல்றாங்க?" என்றாள். உண்மைதான். விலை சொல்லும் பாடத்தில் அக்கா ரொட்டிக்கு ஷில்லிங் கணக்குச் சொன்னார். வானிலை பாடத்தில், "தண்ணி ஏறப்போகுதுன்னு சொல்றாங்க, நான் நம்பல" என்றார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், "ஃப்ரெண்டு" என்பார். பகலில் பெஞ்சுப் பக்கம் போனால் அக்கா தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் கிட்டப் போனால் எழுந்துகொள்வார்.

அடுத்து வந்த பாடம் "அழைப்பை ஏற்றல்". ஒருவர் விருந்துக்கு அழைத்தால் என்ன சொல்வது? "ரொம்ப சந்தோஷம். கட்டாயம் வரேன். நான் என்ன கொண்டுவரட்டும்?" இருவர் இருவராக நின்று எல்லோரும் சொல்லிப் பழகினோம். பாடம் முடியும் நேரத்தில், நபிண்டு அக்கா முதன்முறையாகக் கை தூக்கினார்.

"டீச்சர், 'வேண்டாம்' எப்படி சொல்றது? யாராவது கூப்பிட்டா... போக மனசு இல்லன்னா?"

"நல்ல கேள்வி. அது அடுத்த வாரம்" என்றீர்கள்.

அந்த அடுத்த வாரத்துக்கு முன்னால் ஏரிச் சுற்றுலா வந்தது.

அஞ்சாமையின் அணிகலனே! அன்று காலை மூடுபனி. அணையைப் பார்த்து, கண்ட காட்சிகளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பதே அன்றைய பயிற்சி. பழைய ஊருக்குப் போகும் சாலை ஏரிக்குள் இறங்கும் இடத்தில் மினி பஸ்ஸை நிறுத்தினேன். அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனி விலகட்டும் என்று பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஆட்களை எண்ணிப் பார்த்தபோது ஒருவர் குறைந்தார்.

"நபிண்டு எங்க?"

"ரொட்டிக்கடைக்குப் போறேன்னு டப்பாவோட இறங்குச்சே" என்றார் பார்த்தலமி. "ஃப்ரெண்டு டீக்குக் கூப்பிட்டிருக்காம். விடியக்காலைலயே எழுந்து, எங்க ஊர் பலகாரம் மண்டாசி பொரிச்சு எடுத்து வந்திருக்கு. எனக்கு ஒண்ணு கூடத் தரல."

டீயை அப்படியே தரையில் ஊற்றினீர்கள். "யாரும் பஸ்ஸ விட்டு இறங்கக் கூடாது. பார்த்தலமி, டிரைவர் சீட்ல உக்காரு. ஹாரன அடிச்சிட்டே இரு. நான் நிறுத்தச் சொல்றவரைக்கும் நிறுத்தாத. மேனுகா, நீ என்கூட வா."

முந்தின வாரம்தான் ஒரு பண்ணைக்காரரின் பசு அந்தச் சேற்றில் இறங்கி, கயிறு கட்டி இழுத்தும் வராமல் கண்முன்னே உள்ளே போயிருந்தது. கல் பாவிய தெருவை விட்டு ஓரடி விலகினாலும் எங்களுக்கும் அதே கதிதான். பனியில் தெரு எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது. வகுப்பில் கேட்ட வழியை முணுமுணுத்துக்கொண்டே நடந்தீர்கள். கொல்லன் பட்டறை: துருப்பிடித்த இரும்புக் குவியல் ஒன்று பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. குதிரைத் தண்ணீர்த்தொட்டி: அதில் தண்ணீர் நிறைந்திருந்தது, மூன்று ஆண்டுகள் மழை இல்லாத அந்த நாட்டில். அங்கே இடது பக்கம் திரும்பினோம். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த ஹாரன் சத்தம், ஒரு கதவைச் சாத்தியதுபோல நின்றுவிட்டது.

பிறகு வாசனை வந்தது. சுடச்சுட ரொட்டி வாசனை. நான் அந்தக் காலை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நாக்கில் நீர் ஊறியது.

சர்ச்சின் அடித்தளத்தை ஒட்டி இரண்டு கல்படிகள் இருந்தன. முதற்படியில் நபிண்டு அக்கா, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எதிரே கடையும் இல்லை, கதவும் இல்லை. வெள்ளைப் பனி மட்டும். அக்கா அதைப் பார்த்துப் பேசினார். குரல் நடுங்கியது.

"ரொம்ப சந்தோஷம். கட்டாயம் வரேன். நான் என்ன கொண்டுவரட்டும்?"

"நீ வந்தாப் போதும்மா" என்றது பனி.

அது பயமுறுத்தும் குரல் அல்ல. அதுதான் பயம். அடுத்த வீட்டு அம்மாளின் குரல். இரக்கமுள்ள, அலுப்பில்லாத குரல். "கால்ல சேறு இருந்தா பரவால்ல. உள்ள வா. டீக்குக் கெட்டில் வச்சாச்சு."

அக்கா இரண்டாவது படியில் கால் வைத்தார். மறுபடி அதே பாடம்: "ரொம்ப சந்தோஷம். கட்டாயம் வரேன்..." கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் போக மனமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வார்த்தை இல்லை.

நீங்கள் ஓடவில்லை, கத்தவில்லை. படிக்குப் பக்கத்தில் போய் நின்று, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னீர்கள். "நபிண்டு, புதுப் பாடம். நான் சொல்றத திருப்பிச் சொல்லு. 'ரொம்ப நன்றி. ஆனா வர முடியாது.'"

"கோவம் வரும் டீச்சர்." அக்கா தலையை ஆட்டினார். "'மாட்டேன்' சொன்னா கோவம் வரும். எனக்குத் தெரியும்." அவர் கழுத்தில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது.

"வரட்டும். வந்தா என் மேல வரட்டும். நான் இங்கதான நிக்கறேன்? சொல்லு. 'ரொம்ப நன்றி.'"

"ரொம்ப நன்றி..."

"'ஆனா வர முடியாது.'"

"ஆனா... வர முடியாது." பிறகு நீங்கள் சொல்லிக்கொடுக்காததை அவரே சேர்த்தார். "பிள்ளைங்க வீட்ல இருக்கு. நான் போகணும்."

பனிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "பிள்ளைக்காரி. சரி, போ. நான் ஒண்ணும் சொல்லல."

அக்கா படியிலிருந்து இறங்கினார். திரும்பி நடக்கலாம் என்று நான் நினைத்தேன்.

"அப்போ நீ வாயேன் நொரீன்" என்றது குரல். "டாட்டி உள்ளதான் இருக்கா. இன்னிக்கு நேரத்தோட வந்துட்டா. மாவு பிசையறா பாரு."

மரப்பலகையில் மாவை அறையும் சத்தம் கேட்டது. அறைந்து, மடித்து, அறைந்து. நடுவே ஒரு சின்ன இருமல். அந்த இருமலைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ நாட்கள் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த இருமல் அது.

"அம்மா?" என்றீர்கள். உங்கள் கால் முதற்படியில் ஏறியது. பிறகு இரண்டாவது படியில்.

கூப்பிட வாய் திறந்தேன்; ஆங்கிலமும் வரவில்லை, நேபாளியும் வரவில்லை. அசைந்தவர் நபிண்டு அக்கா. டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, உங்கள் கம்பளிச் சட்டையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பனியைப் பார்த்து, பிழையோடு, உரத்து, ஊரே கேட்கும்படி சொன்னார்:

"ரொம்ப நன்றி! ஆனா டீச்சர் வர முடியாது! டீச்சர் எங்களுக்கு வேணும்! கிளாஸ் முடியல!"

மாவு அறையும் சத்தம் நின்றது.

நீங்கள் திரும்பி அக்காவைப் பார்த்தீர்கள். பிறகு பனியைப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னீர்கள். "இன்னிக்கு லீவு இல்லம்மா. நான் வேலைக்குப் போகணும். நீ உன் வேலையப் பாரு." படியிலிருந்து இறங்கினீர்கள்.

வாசனை அறுந்தது. சேற்று நாற்றம் வந்தது. தொலைவில் ஹாரன் கேட்டது. பார்த்தலமி விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் கைகோத்துக் கரையேறினோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் முன் இருக்கையில் உட்கார்ந்து அழுதீர்கள். ஈஸ்டரிலிருந்து அழாததையெல்லாம் அழுதீர்கள். வகுப்பே சுற்றி நின்றது. ஹாரன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

"போதும் பார்த்தலமி, நிறுத்துப்பா."

"நீங்க சொல்றவரைக்கும் நிறுத்தாதன்னீங்க டீச்சர்" என்றார் அவர், கோபமாக. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு பனி விலகியது. பஸ் கண்ணாடி வழியே அந்த இரண்டு படிகளைப் பார்த்தோம். அவற்றுக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை. கறுத்த சேறு மட்டும், ஆழம் தெரியாமல், ஏரியின் மிச்சத் தண்ணீர்வரை பரந்து கிடந்தது. படியில் டப்பா இல்லை.

அன்றும் பிற்பகல் வகுப்பு நடத்தினீர்கள்.

முன்மாதிரியே! அடுத்த பருவத்திலிருந்து நம் பாடத்திட்டத்தின் வரிசை மாறியது. வணக்கம் சொல்வதற்கும் பெயர் சொல்வதற்கும் அடுத்ததாக, விலை கேட்பதற்கும் வழி கேட்பதற்கும் முன்னால், மறுத்துச் சொல்வது வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, "இது என்ன தலைகீழா இருக்கு?" என்று கேட்டபோது, "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பாடம் போன இடங்கள் எங்களுக்குத் தெரியும். வாடகை வீட்டுக்காரன் நள்ளிரவில் கதவைத் தட்டியபோது ஒரு தாய் அதைச் சொன்னார். ஆப்பிள் தோட்டத்தில் மருந்தடித்த ஈரம் காயுமுன் உள்ளே இறங்கச் சொன்ன மேஸ்திரியிடம் ஓர் இளைஞன் சொன்னான். புரியாத தாளில் கையெழுத்துக் கேட்ட உறவினரிடம் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எங்கள் எல்லோருக்கும் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வார்த்தை வந்தது.

மழை வந்து ஏரி நிறைந்தது. நபிண்டு அக்கா இப்போது முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். மறதி நோயில் கிடக்கும் பழைய ஊர்க்காரர்கள் வேறு யார் பேச்சுக்கும் இணங்காதபோது, அக்கா பேசினால் சாப்பிடுகிறார்கள். அவர் பேச்சில் தங்கள் ஊர் கேட்கிறது என்கிறார்கள். இந்த ஆண்டு தண்ணீர் மறுபடி இறங்குகிறது. ஏரிச் சுற்றுலாவை நிறுத்திவிடலாமா என்று டெப் கேட்டாள். "ஏன் நிறுத்தணும்? அந்த ஊர்க்காரங்களும் நம்ம ஊர்க்காரங்கதான். பாத்துட்டு வாங்க. பேசுங்க. திரும்பி வந்துடுங்க" என்றீர்கள். போவோம். வண்டியை நான் ஓட்டுவேன்.

அன்பின் ஆழமே! ஆசிரியப் பணியின் அழகே! நீங்கள் நீண்ட காலம் நோயின்றி, நொடியின்றி, நினைவு தெளிவாக வாழ வேண்டும். காலையில் எழ வேண்டிய கட்டாயம் இல்லாத நாட்களில் உங்கள் விருப்பப்படி தாமதமாக எழ வேண்டும். உங்கள் அம்மா போன இடத்துக்கு நீங்களும் போக வேண்டிய நாள் ஒன்று உண்டு, எல்லோருக்கும் உண்டு. அந்த நாள் வெகுகாலம் கழித்து, நல்ல வெயில் அடிக்கும் ஒரு பகலில், உங்கள் சொந்தக் கட்டிலில், எங்களில் யாராவது ஒருவர் உங்கள் கையைப் பிடித்திருக்கும்போது வரட்டும். அப்போது போக உங்களுக்கு மனம் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
மேனுகா ரிஜால், டெப், மற்றும் அனைத்துப் பணியாளர்கள்,
புதியவர்களுக்கான ஆங்கில வகுப்பு, கொரபீன்.